மரத்திலே மலரும் மாதா

செபமாலை மாதமாகிய அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மாலை. எங்கள் பள்ளிச் சிற்றாலயத்தைத் துப்புரவு செய்யச் சென்ற ஆறாம் வகுப்புத் தங்கையர் மூச்சிரைக்க ஓடி வந்தனர். "அக்கா, மாதா அழுகிறார்கள்!" என்றனர். நாங்களும் ஓடிப் பார்த்தோம். பீடத்தின் இடப்புறத்தில் நிற்கும் மூன்றடி உயர மரச் சுரூபத்தில், இடக் கண்ணின் ஓரத்திலிருந்து கன்னம், கழுத்து வழியாக மார்பு வரை கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. தங்கையர் சிலர் அங்கேயே முழந்தாளிட்டுச் செபமாலையைத் தொடங்கிவிட்டனர்.

தலைமைச் சகோதரி வந்து அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். அது கண்ணீர் அன்று, கீறல். "ஒன்றைப் புதுமை என்று சொல்லுமுன் திருச்சபை தீர விசாரிக்கும். நாமும் முதலில் மரச் சிற்பியை விசாரிப்போம்" என்று சிரித்தபடி சொன்னார். புதிதாக ஒரு ஃபைபர் சுரூபம் வாங்கிவிடலாம், செலவும் குறைவு என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. சிற்பியின் சொல்லைக் கேட்டபின் முடிவு செய்யலாம் என்று சகோதரி கூறிவிட்டார். ஆகவே அடுத்த வாரம் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் சிலர், சுரூபத்தைப் பழைய போர்வையில் சுற்றி, பள்ளி வேனில் எங்கள் மடிமீது கிடத்திக்கொண்டு சிற்பக் கூடத்திற்குச் சென்றோம். அங்கே கண்டதையும் கேட்டதையும், பின்னர் நூலகத்தில் படித்தறிந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

சுரூபம் எதற்காக?

"கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்பது நம்மவர் வாயில் வழங்கும் பழமொழி. கல்லில் செதுக்கிய நாயை நாயாகப் பார்ப்பவனுக்குக் கல் மறைந்துவிடும். கல்லாகப் பார்ப்பவனுக்கு நாய் மறைந்துவிடும். திருச்சபை சுரூபங்களைப் பற்றிச் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. திருவுருவங்களை வைக்கலாமா, கூடாதா என்ற பெரும் பூசலுக்குப் பின், கி.பி. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் தெளிவான விடை தந்தது. ஆராதனை இறைவன் ஒருவருக்கே உரியது. திருவுருவத்திற்கு நாம் காட்டும் வணக்கம் அந்த மரத்தையோ கல்லையோ சேர்வதில்லை. அது யாரைக் குறிக்கிறதோ அவரையே சேர்கிறது. வெளியூரில் வேலை செய்யும் தந்தையின் புகைப்படத்தை முத்தமிடும் குழந்தை காகிதத்தையா முத்தமிடுகிறது?

எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்குச் சுரூபங்களே நூல்களாக இருந்தன. கையில் திறவுகோல் இருந்தால் இராயப்பர். குழந்தை இயேசுவும் லீலி மலரும் இருந்தால் அந்தோனியார். உடலில் அம்புகள் தைத்திருந்தால் செபஸ்தியார். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டியும் ஆலயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை புனிதர்களைப் 'படித்து'விடுவார். ஆகவே சிற்பியின் உளி தவறினால் எழுத்துப் பிழை ஏற்பட்டதுபோல் ஆகிவிடும்.

கள்ளக்குறிச்சியின் கைகள்

மேற்கே நீலமாகத் தெரியும் கல்வராயன் மலையும், அதிலே பிறந்து வரும் கோமுகி ஆறும், கரும்பு வயல்களும்தாம் நம் ஊரின் அடையாளங்கள் என்று எண்ணியிருந்தோம். உலகம் நம்மை வேறொன்றாலும் அறிந்திருக்கிறது. அதுவே கள்ளக்குறிச்சி மரச் சிற்பம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் இத்தொழிலைச் செய்யும் குடும்பங்கள் பல. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2021-இல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் சிறப்பு அது பிறந்த இடத்தோடு பிரிக்க முடியாதது என்று காட்டும் சான்றிதழே அது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேறு ஊரில் செய்த பொருளைக் 'கள்ளக்குறிச்சி மரச் சிற்பம்' என்று கூறி விற்க எவருக்கும் உரிமையில்லை.

நாங்கள் சென்ற கூடத்தின் கூரைக்கடியில், பாதி செதுக்கிய குதிரை வாகனம் ஒன்று நின்றது. அதன் அருகில் ஒரு பிள்ளையார். அவருக்குப் பக்கத்தில், இன்னும் முகம் திறக்காத அந்தோனியார்! பெரியவர் எங்களைக் கண்டதும், "வாங்க பாப்பா" என்று ஒரு பாயை விரித்தார். சுரூபத்தைப் போர்வையிலிருந்து எடுத்தபோது, காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டே அதைக் கையில் வாங்கினார். அவர் இந்து சமயத்தவர். எங்களில் சிலர் செருப்புடனேயே நின்றிருந்தோம். அப்போதுதான் குனிந்து பார்த்துக்கொண்டோம்.

மரம் தேர்தல்

எங்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் கல்வராயன் மலைத் தோழி ஒருத்தி, சுரூபத்தின் அடியைப் பார்த்ததுமே, "இது வாகை" என்று சொல்லிவிட்டாள். பெரியவர் வியந்து தலையசைத்தார். தேக்கு, பூவரசு, அத்தி, மா, வேம்பு முதலிய மரங்களிலும் செதுக்குவார்கள். ஆயினும் வாகையின் கருமை கலந்த பழுப்பு நிறமும் உறுதியும் சிற்பத்திற்கு ஏற்றவை. ஒரு குறை உண்டு: அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை தும்மினோம் என்பதை எண்ணவே முடியவில்லை.

அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் இரு பகுதிகள் தெரியும். நடுவில் கருமையாக இருப்பது வைரம். அதைச் சுற்றி வெளுத்திருப்பது வெளிறு. வெளிற்றில் பூச்சி எளிதில் ஏறிவிடுமாகையால் அதை நீக்கிவிட்டு, வைரம் பாய்ந்த பகுதியையே சுரூபத்திற்குக் கொள்வார்கள். மலைக் காட்டில் நினைத்தபடி மரம் வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. மரவாடியில் விலைக்கு வாங்கி, நிழலில் அடுக்கி, மாதக் கணக்கில் காயவிட வேண்டும். பச்சை மரத்தில் அவசரமாகச் செதுக்கிய முகம் ஓராண்டில் பிளந்துவிடும்.

எட்டா, பத்தா?

காய்ந்த கட்டையில் முதலில் நூல் பிடித்து நடுக்கோடு போடுகிறார்கள். பிறகு அளவு குறிக்கிறார்கள். நம் நாட்டுச் சிற்பநூல்களில் 'தாலம்' என்றோர் அளவு உண்டு. ஒரு தாலம் என்பது முகத்தின் நீளம். அதைப் பன்னிரண்டு அங்குலங்களாகப் பகுப்பர். இந்த அங்குலம் நம் அளவுகோலில் உள்ள அங்குலம் அன்று. சிற்பத்தின் உயரத்திற்கேற்பக் கூடும், குறையும். பெருந்தெய்வங்களின் திருமேனி பத்துத் தாலம். மனிதர் எட்டுத் தாலம். குழந்தை வடிவம் ஐந்து தாலம். இவ்வாறு வகுத்திருப்பதால், ஒரு சாண் உருவமானாலும் ஒரு பனை உயர உருவமானாலும் அங்கங்களின் பொருத்தம் மாறுவதில்லை.

பெரியவர் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். உங்கள் மாதா தெய்வமா, மனுஷியா என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறைக்கல்வியில் பரிசு பெற்ற தோழி துணிந்து, "மனுஷிதான் ஐயா. ஆனால் கடவுளின் தாய். எல்லாப் புனிதர்களுக்கும் மேலானவர்கள்" என்றாள். பெரியவர் சிரித்தார். தம் தகப்பனாரும் இப்படித்தான் ஒரு சாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். எட்டும் இல்லை, பத்தும் இல்லை. அதனால் மாதாவுக்கு ஒன்பது என்று அன்று முதல் தங்கள் வீட்டில் வைத்திருக்கிறார்களாம்! கையிலிருக்கும் குழந்தை இயேசுவுக்கு ஐந்து. மறைக்கல்வித் தேர்வில் நாங்கள் ஒரு பக்கம் எழுதும் விடையை அவர் ஓர் எண்ணில் அடக்கிவிட்டார்.

அளவு குறித்தபின் வாய்ச்சியால் வேண்டாத பகுதிகளைக் கொத்தி நீக்குகிறார்கள். அடுத்துப் பெரிய உளி, பிறகு சிறிய உளி, கடைசியில் நகம்போல் வளைந்த வாயுடைய உளி. உளியின் தலையில் தட்டுவதற்கு இரும்புச் சுத்தியல் அன்று, கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியல். முகத்தைக் கடைசியில்தான் செதுக்குவார்கள். அதிலும் கண் இறுதியில். உப்புத்தாளால் தேய்த்து மெருகிட்டால் வேலை முடிந்தது. ஆலயத்தில் குருவானவர் மந்திரித்தபின் அதுவே நம் சுரூபம்.

பெரிய சுரூபங்களின் சூட்சுமம்

மூன்றடிச் சுரூபத்திற்கும், ஆலயத்தின் நடுப்பீடத்தில் பத்தடி உயரத்தில் நிறுத்தப்படும் ஆளுயரச் சுரூபத்திற்கும் வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. உயரத்தில் இருப்பதைக் கீழிருந்து பார்க்கும்போது தலை சிறுத்துத் தோன்றும். ஆகவே தலையைச் சற்றே பெரிதாக்கி, முகத்தைச் சிறிது முன்னே குனிய வைத்து, பார்வை கீழே முழந்தாளிடுவோர்மேல் விழுமாறு செதுக்க வேண்டும். நேரே நின்று பார்த்தால் விகாரமாகத் தோன்றும் முகம், மேலே ஏற்றியபின் கனிவாகத் தோன்றுமாம். மைக்கேலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய தாவீதின் சிலை பதினேழு அடி உயரம். அது முதலில் பிளாரன்சு நகரப் பேராலயத்தின் மேற்பகுதியில் வைப்பதற்காகவே ஏற்பாடு செய்யப்பட்டது. அதன் தலையும் கைகளும் உடலைவிடச் சற்றுப் பெரியனவாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

பெரிய உருவத்தை ஒரே மரத்தில் எடுப்பது அரிது. உடலை ஒரு கட்டையிலும், நீட்டிய கைகளை வேறு கட்டைகளிலும் செதுக்கி, முளை அடித்துப் பொருத்துவார்கள். கையில் மரத்தின் நார் கையின் நீளத்திலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் விரல் முறிந்துவிடும். விரல் இழந்த சுரூபங்களை நாம் எத்தனை ஆலயங்களில் பார்க்கிறோம்! அவற்றில் பல இந்த விதியை மறந்ததன் விளைவுகளாக இருக்கலாம்.

போலந்து நாட்டுக் கிராக்கோ நகரின் மாதா ஆலயத்தில், உலகப் புகழ் பெற்ற மரப் பீடம் ஒன்று உண்டு. ஜெர்மானியச் சிற்பி வைட் ஸ்டோஸ் 1477 முதல் 1489 வரை பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துச் செய்தது. உயரம் ஏறத்தாழ 13 மீட்டர். அதிலுள்ள பெரிய உருவங்கள் ஒன்பது அடி அளவினை எட்டும். இரண்டாம் உலகப் போரின்போது அதைப் பிரித்து ஜெர்மனிக்குக் கொண்டு சென்றுவிட்டனர். 1946-இல் அது மீண்டும் தாய்நாடு வந்து சேர்ந்தது. நம் சிற்பக் கூடத்தில் நாங்கள் பார்த்த அதே உளி, அதே பொறுமைதான் அதனையும் படைத்தது.

கீறல் விழுந்த கதை

இனி எங்கள் மாதாவின் 'கண்ணீருக்கு' வருவோம். மரம் இறந்த பொருள் அன்று என்று பெரியவர் சொன்னதன் உட்பொருளை எங்கள் அறிவியல் ஆசிரியை பின்னர் விளக்கினார். மரத்தின் நுண்ணிய செல்களின் சுவர்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் இம்மாற்றம் மிகச் சொற்பம். மையத்திலிருந்து வெளியே செல்லும் ஆரத்தின் திசையில் ஓரளவு சுருங்கும். வளையங்களின் சுற்றுத் திசையிலோ அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். வெளிப்புறம் விரைவில் சுருங்க, உட்புறம் சுருங்க மறுக்க, இந்த இழுபறியில் மரம் மேலிருந்து கீழாகப் பிளக்கிறது. ஆகவேதான் முதிர்ந்த சிற்பிகள் பெரிய சுரூபங்களின் முதுகுப்புறத்தைக் குடைந்துவிடுவார்கள். ஐரோப்பாவின் பழைய மரச் சுரூபங்கள் பலவற்றின் பின்புறமும் இவ்வாறே குடையப்பட்டிருக்கும். முன்னால் நின்று செபிப்பவருக்கு அது தெரிவதில்லை.

எங்கள் சுரூபம் குடையப்படாதது. இருந்தும் நெடுங்காலம் நன்றாகவே இருந்தது. பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைத் தண்ணீரால் கழுவுவது யார் என்று கேட்டார். நாங்கள் வாயடைத்து நின்றோம். சனிக்கிழமை தோறும் மாதாவை ஈரத்துணியால் முகம் முதல் பாதம் வரை துடைத்து, சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியைத் திருப்பி வைத்தவர்கள் நாங்களே! எங்களுக்கு முன் முறை பார்த்த அக்காமாரும் அப்படியே செய்தார்கள். முன்புறம் வார்னிஷ் தேய்ந்து போயிருந்ததால், வாரந்தோறும் ஈரம் ஏறியது. வாரந்தோறும் காற்று அதை வலிந்து உலர்த்தியது. பக்தியால் செய்தோம், ஆனால் அறியாமல் செய்தோம். மாதா அழுதார்களோ இல்லையோ, வேனில் திரும்பும்போது எங்களில் இருவர் அழுதோம்.

கீறலில் மக்கு வைத்து அடைத்து வண்ணம் பூசிவிட்டால் போதும் என்று நாங்கள் நினைத்தோம். அது நிற்காது, மரம் அசையும்போது மக்கு உதிர்ந்துவிடும் என்றார். சில வாரங்கள் கூடத்தின் நிழலில் சுரூபத்தை அப்படியே விட்டு, ஈரம் சமனானபின், முதுகைக் குடைந்து, கீறலின் அளவுக்கு வாகையிலேயே மெல்லிய சிம்பு சீவி, அதே நாரின் போக்கில் செருகி ஒட்டினார். கூலியைக் கேட்டபோது புதுச் சுரூபத்தின் விலையில் சிறு பகுதியே ஆயிற்று.

எந்த நாட்டு முகம்?

ஒரு காலத்தில் நம் ஆலயங்களுக்குச் சுரூபங்கள் கடல் கடந்து வந்தன. நம் அண்டையில், விருத்தாசலம் பக்கம் உள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா ஆலயம் இருக்கிறது. இத்தாலியில் 1680-இல் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் எழுப்பிய திருத்தலம் அது. அங்கே மாதா தமிழ்ப் பெண்ணைப்போல் சேலை உடுத்தி நிற்கிறார். அவர் எண்ணியபடி வரையப்பட்ட படம் மணிலாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே சுரூபம் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தது என்று வழிவழியாகச் சொல்கின்றனர். இடைக்காட்டூரில் 1894-இல் எழுந்த திருஇருதய ஆலயத்தின் அழகிய சுரூபங்களும் பிரான்சு நாட்டிலிருந்து வந்தவையே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், எல்லா இனத்தாரின் கலைகளுக்கும் எல்லா நாட்டுக் கலைகளுக்கும் திருச்சபையில் இடமுண்டு என்று அறிவித்தது. திருவுருவங்கள் அளவோடும் ஒழுங்கோடும் இருக்க வேண்டும் என்றும், ஆலயத்தின் விலைமதிப்புள்ள கலைப்பொருள்கள் கைவிட்டுப் போகாமல் காக்க வேண்டும் என்றும் அதே ஏடு சொல்கிறது. இதைப் படித்தபோது, சுரூபத்தை மாற்றிவிட அவசரப்படாத எங்கள் சகோதரியின் முடிவு எவ்வளவு சரியானது என்று உணர்ந்தோம்.

2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், நம் தமிழ் மண்ணின் மறைசாட்சி தேவசகாயத்தைப் புனிதராக உயர்த்தினார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். வேட்டி கட்டி, கைகளில் விலங்கோடு முழந்தாளிட்டுச் செபிக்கும் அவருடைய உருவத்திற்கு அயல்நாட்டு அச்சு எதற்கு? அந்த முகத்தை நம் சிற்பிகள் நம் தெருவிலேயே காண்பார்களே!

பெயர் தெரியாத கைகள்

பிரேசில் நாட்டு ரியோ நகரில் மலையுச்சியில் கைவிரித்து நிற்கும் மீட்பர் கிறிஸ்துவின் சிலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1931 அக்டோபர் 12-இல் திறக்கப்பட்டது. பீடம் நீங்கலாக 30 மீட்டர் உயரம். உருவத்தை வடித்தவர் பிரெஞ்சுச் சிற்பி லாண்டோவ்ஸ்கி. கட்டிய பொறியாளர் பிரேசில் நாட்டவரான சில்வா கோஸ்டா. கான்கிரீட்டின் மேல் மாக்கல் சில்லுகள் ஆயிரமாயிரமாகப் பதிக்கப்பட்டுள்ளன. முக்கோணமாக வெட்டிய அச்சில்லுகளைத் துணியில் ஒட்டிக் கொடுத்தவர்கள் அந்நகரப் பெண்கள். ஒட்டுமுன் சில்லின் பின்புறத்தில் தங்களுக்கு வேண்டியவர்களின் பெயர்களையும் வேண்டுதல்களையும் எழுதினார்களாம். சிற்பியின் பெயரை உலகம் அறியும். அப்பெயர்களை இறைவன் மட்டுமே அறிவார்.

எங்கள் சிற்பக் கூடத்திலும் அப்படி ஒருத்தியைப் பார்த்தோம். பெரியவரின் பேத்தி, எங்கள் வயதுதான். ஒரு மூலையில் அமர்ந்து, அந்தோனியாரின் அங்கி மடிப்புகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீயும் செதுக்குவாயா என்று கேட்டோம். தாத்தா இல்லாத நேரத்தில் செதுக்குவதாகச் சொல்லி, சாக்குக்கு அடியிலிருந்து உள்ளங்கையளவு மயில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். பெரியவர் காதில் விழாதவர்போல் இருந்தார். ஆனால் அவர் உதட்டில் சிரிப்பு இருந்தது. பையன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கணினியால் இயங்கும் இயந்திரம் சில மணி நேரத்தில் செதுக்கித் தள்ளிவிடுகிறது, மரத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது என்று அவர் சொன்னதையும் கேட்டோம்.

ஃபைபர் சுரூபம் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மழையிலும் வெயிலிலும் நிற்க வேண்டிய கெபிக்கு அதுவே ஏற்றது. ஆனால் கூரைக்குக் கீழே, பீடத்தின் அருகே, நூறாண்டு நிற்க வேண்டிய ஒரு சுரூபத்தைப் பங்கு மக்கள் வாங்க நினைக்கும்போது, கள்ளக்குறிச்சியின் கைகளை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று பெற்றோரையும் பெரியோரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கேட்பார் இல்லாவிட்டால், சாக்குக்கு அடியிலிருக்கும் அந்த மயில் வெளியே வருவது எப்போது?

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் மாதா சிற்றாலயத்திற்குத் திரும்பி வந்துவிட்டார். அருகில் சென்று உற்றுப் பார்த்தால் கன்னத்தில் மெல்லிய கோடு ஒன்று இன்னும் தெரியும். அதை வண்ணத்தால் மறைத்துவிடவா என்று பெரியவர் கேட்டார். வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம்.

அடுத்த ஆண்டு சனிக்கிழமை முறைக்கு வரவிருக்கும் அன்புத் தங்கையரே! தண்ணீர் வேண்டாம், மின்விசிறி வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணி சகோதரியின் அலமாரியில், இரண்டாம் தட்டில் இருக்கிறது. மெல்லத் துடையுங்கள்.